சுவர் பார்த்த அந்தோணியார்

செபமாலையின் மூன்றாவது பத்துமணியில், ஆறாவதோ ஏழாவதோ மணியைப் பெருவிரல் உருட்டிக்கொண்டிருந்தபோது, கோயில் ஒலிபெருக்கி கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்று புதன்கிழமை மாலை ஆறு மணிக்குச் சகாய மாதா நவநாள் செபமும் திருப்பலியும் நடைபெறும் என்று பொன்மலை முழுவதற்கும் சொன்னது. பவுலினுக்கு விரல் நின்றுவிட்டது. புதன்கிழமை. புதன் என்றால் மகிமை இரகசியம். திங்களும் சனியும் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. இதை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள், தூக்கம் என்று ஒன்று இருந்தால். ஆனால் இவ்வளவு நேரமும் அவள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது துக்கம். பூங்காவனத்தில் இரத்தம் வியர்த்தது ஆயிற்று, கற்றூணில் கட்டி அடித்தது ஆயிற்று, இப்போது முள்முடி. எதிரே சுவரில் தினசரிக் காலண்டர், செவ்வாய் என்று கொட்டை எழுத்தில், கிழிக்கப்படாமல். அதைப் பார்த்துத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். சரி, கிழிக்க மறந்தாயிற்று, தப்பான இரகசியம் சொல்லியாயிற்று, மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் குடும்பம் நடத்தியவள்தான் என்று எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நேற்றையது நாக்கில் ஓடிக்கொண்டிருந்தது என்றால், ஊசி? ஊசி போட்டது இன்றைக்கா, நேற்றா?

செபமாலையும் ஊசியும் அவளுக்கு ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவை. ஏழரைக்கு ஊசி, உடனே செபமாலை, அது முடிய இருபது இருபத்தைந்து நிமிடம், பிறகு இட்லியைப் பிசைந்து ஊட்டத் தொடங்கினால் டாக்டர் சொன்ன அரைமணிக் கணக்கு வந்துவிடும். கையில் செபமாலை இருந்தால் ஊசி போட்டாயிற்று என்று அர்த்தம். நோட்டுப் போட்டு எழுதிக்கொள் என்று டாக்டர் சொன்னதற்கு, எழுதி வைக்க நான் என்ன ஞாபகமறதி கேஸா என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருந்தாள். புருஷனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாற்பத்தேழு நாளாக இந்த ஏற்பாடு பிசகவில்லை. பிசகவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். படம் தெளிவாக வருகிறது: ஃபிரிட்ஜ் கதவின் மேல்தட்டிலிருந்து இன்சுலின் பேனாவை எடுக்கிறாள், உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுகிறாள், இருபத்திரண்டு வரும்வரை கிரிக் கிரிக்கென்று திருகுகிறாள், சூசைமாணிக்கத்தின் சட்டையைத் தூக்கித் தொப்புளுக்கு இடப்பக்கம் சதையைக் கிள்ளுகிறாள், குத்துகிறாள், பத்து எண்ணுகிறாள். எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டை நீலமா, கட்டம் போட்டதா? படத்தில் சட்டைக்கு நிறம் இல்லை. கட்டிலில் கிடக்கிற மனிதர் இன்றைக்குப் போட்டிருப்பது கட்டம். நேற்று நீலம். அவளுடைய படத்தில் இருப்பது வெறும் சட்டை, நாற்பத்தேழு நாள் சட்டைகளையும் சேர்த்துத் துவைத்து வெளுத்துப்போன ஒரு சட்டை. வயிற்றைப் பார்த்தாலாவது தெரியுமா என்று போய்ச் சட்டையைத் தூக்கினாள். கொசு கடித்தது மாதிரி எத்தனையோ புள்ளிகள், எது இன்றையது என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். பேனாவில் ஊசிமுனையையாவது தினம் மாற்றுகிறாளா, அதுவும் இல்லை. ஒரு முனை நாலு நாளைக்கு வரும், எதற்கு வீணாக்க வேண்டும் என்கிற புத்திசாலித்தனம். கட்டில் ஓரத்து ஸ்டூலில் அந்தோணியார் சுரூபம் மறுபடியும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. இவர் வேறு. பத்துப் பன்னிரண்டு நாளாக இதே கூத்து. "அவரை ஏங்க தினம் இடிக்கிறீங்க? காணாமப்போனதைத் தேடிக் குடுக்கிறவரு, அவரையே காணாமப் போக்கிடுவீங்க போலிருக்கே," என்று சொல்லிக்கொண்டே அவரைத் திருப்பி அறையைப் பார்க்க வைத்தாள். சூசைமாணிக்கம் அவளையே பார்த்தார். "ஊசி போட்டேனா நான்?" என்று கேட்டாள். "சரி," என்றார். "போடலையா?" "சரி." "நான் மகாராணி, நீங்க மகாராஜா?" "சரி." ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் யூனியன் மேடையில் கத்திய தொண்டை, பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், வாயில் இருந்த அத்தனை வார்த்தைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் சில்லறை மாதிரி விட்டுவிட்டுப் போயிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். இப்போது நாள் பூராவும் அதே.

சுகர் மிஷினை எடுத்தாள். விரலைக் குத்தி, சொட்டு இரத்தம் தொட்டு, ஐந்து நொடி. நூற்று எழுபத்து நாலு. மணி ஏழு ஐம்பத்தெட்டு. ஊசிக்கு முன்னால் பார்த்தபோது நூற்று எண்பத்தொன்று. அதாவது, நூற்று எண்பத்தொன்று என்று ஒரு எண் தலையில் நிற்கிறது, அது இன்றைய எண்தானா என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. மிஷினைத் திருப்பித் திருப்பி அமுக்கிப் பழைய எண்ணைத் தேடினாள். இருந்தது, நூற்று எண்பத்தொன்றுதான், ஆனால் தேதி என்கிற இடத்தில் ஒன்று, ஒன்று, சைபர் சைபர் என்று ஏதோ கல்தோன்றாக் காலம். யார் அதற்குத் தேதி வைத்தார்கள், அவளா? எண்பத்தொன்று எழுபத்து நாலானது ஊசியாலா? மிஷினே பத்து இருபது கூடக்குறையக் காட்டும். ஊசி போட்டிருந்தால் இனிமேல்தான் இறங்கத் தொடங்கும். போட்டிருக்கவில்லை என்றால் இறங்காது. அரைமணி காத்திருந்தால் தெரிந்துவிடும். ஆனால் காத்திருக்கும் அரைமணியில் இட்லி கொடுப்பதா வேண்டாமா? ஊசி போட்டு இட்லி கொடுக்காவிட்டால் இறங்கு இறங்கென்று இறங்கி மயங்கிவிடுவார், சொல்லவும் வாய் இல்லை. ஊசி போடாமல் இட்லி கொடுத்தால் முந்நூறு நானூறு என்று ஏறும். ஏற்கனவே அடைத்துக்கொண்ட மூளை. சந்தேகத்துக்கு ஒரு ஊசி போட்டுவிட்டால்? முதலில் ஒன்று போட்டிருந்தால் நாற்பத்து நாலு. நாற்பத்து நாலு என்று நினைத்ததும் அவள் கை தானாகப் பின்னுக்குப் போய்ச் சேலையில் துடைத்துக்கொண்டது. கட்டில் கம்பியில் டக் டக்கென்று சத்தம். சூசைமாணிக்கம் இடது கை மோதிரத்தால் கம்பியைத் தட்டுகிறார். வலது கை வீங்கியபோது சோப்புப் போட்டுக் கழற்றி அவள்தான் இந்தக் கைக்கு மாற்றினாள், கல்யாண மோதிரம் தொலைந்துவிடக் கூடாதே என்று. அன்றிலிருந்து அது மணி ஆகிவிட்டது. இரவு பன்னிரண்டுக்கு டக், இரண்டுக்கு டக், நாலுக்கு டக். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும், அவள் எழுந்து புரட்டுவாள், திரும்பப் படுப்பாள், கண் செருகும் நேரம் டக். "இருங்க, பசிக்குதுன்னு தெரியுது, நான் என்ன அடுப்படியில டான்ஸா ஆடறேன்?" டக் டக் டக்.

மென்மையாகக் கையாளுதல். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் தெரியவில்லை, பிறகு தெரிந்தது, ஷெரின் சொன்னது. மகள் பெங்களூரில் எலிகளை வைத்து ஆராய்ச்சி பண்ணுகிறாள். எலியைத் தூங்கவிடாமல் செய்வது அவள் வேலை. இதற்காகவா உன்னை அவ்வளவு படிக்க வைத்தோம், இங்கே வந்திருந்தால் உங்கப்பா சும்மாவே செய்வாரே என்று பவுலின் சிரித்திருக்கிறாள். எலி கண்ணை மூடும்போது கூண்டை லேசாகத் தட்டுவார்களாம், படுக்கைப் பஞ்சைக் கலைப்பார்களாம், தூரிகையால் தொடுவார்களாம். அடிப்பதில்லை, ஷாக் கொடுப்பதில்லை. அதற்குத்தான் மென்மையாகக் கையாளுதல் என்று பெயர். ஐந்தே மணி நேரம். ஐந்து மணி நேரத்தில் எலியின் மூளையில், ஞாபகம் உட்காருகிற இடத்தில், ஒவ்வொரு செல்லும் நீட்டிக்கொண்டிருக்கிற கிளைகளில் முள் முள்ளாக இருக்குமாம், அந்த முள் வழியாகத்தான் ஒரு செல் இன்னொரு செல்லிடம் பேசுமாம், அந்த முட்களில் கொஞ்சம் உதிர்ந்துவிடுகின்றனவாம். செல்லுக்குள்ளே சேதி கொண்டுபோகிற ஒரு சின்னப் பொருளைத் துண்டாக்குகிற நொதி ஒன்று தூக்கம் கெட்டால் கூடிவிடுகிறது, சேதி குறைந்ததும் கோஃபிலின் என்று ஒரு புரதம் கட்டவிழ்ந்து, முள்ளுக்குள் முட்டுக் கொடுத்து நிற்கிற இழையைக் கத்தரித்துவிடுகிறது, முள் சுருங்கிவிடுகிறது. "கோஃபிலினா? எங்க கிளாஸ்ல ஒரு ஆங்கிலோ இண்டியன் பொண்ணு இருந்தாளே, குவெண்டலின், அவ தங்கச்சி மாதிரில்ல இருக்கு பேரு," என்று அன்றைக்குச் சொன்னாள். இன்றைக்கு அந்தக் குவெண்டலின் தங்கச்சி கையில் கத்தரிக்கோலோடு அவள் மண்டைக்குள் நடமாடுகிறாள். நறுக். ஏழரை மணியை நறுக்கிவிட்டாள். நாற்பத்தேழு நாளில் எத்தனை ஐந்து மணி நேரம்? அந்தக் கணக்கே வேண்டாம். முள்முடியை நினைத்தாள். குத்துகிற முள் தலைக்கு வெளியே. உள்ளே இருக்க வேண்டிய முள் உதிர்கிறது. இப்படியெல்லாம் நினைப்பது பாவமா என்று சிஸ்டர் ஜெர்த்ரூதைக் கேட்க வேண்டும், ஆனால் சிஸ்டர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. பார், அது ஞாபகம் இருக்கிறது! சிஸ்டர் ஞானோபதேச வகுப்பில் கேள்வி கேட்டுக்கொண்டே சாக்பீஸ் எறிவார்கள், பதில் திக்கினால் நெற்றியில் வந்து விழும். பவுலின் நெற்றியில் ஒருநாளும் விழுந்ததில்லை. மனப்பாடத்துக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு. பத்துக் கட்டளைகள், ஏழு தேவதிரவிய அனுமானங்கள், அப்போஸ்தலர் பன்னிருவர் வரிசையாக, இப்போதும் எடுத்துக்கொள். கேளு, எது வேண்டுமானாலும் கேளு. நாற்பது வருஷத்துக்கு முந்தியது எல்லாம் அலமாரியில் மடித்து வைத்த பட்டுச்சேலை மாதிரி அப்படியே இருக்கிறது. அரைமணிக்கு முந்தியதுதான் இல்லை.

ஃபோன் அடித்தது. ஷெரின். ஆய்வகத்துக்குப் போகும் வழியில் தினமும் இந்த நேரத்தில் கூப்பிடுவாள். பவுலின் ஃபோனை ஒரு நொடி பார்த்தாள். சொல்லிவிட்டால்? சொன்னால் அடுத்த வண்டியில் வந்து நிற்பாள், ஆள் வைக்கிறேன் என்பாள், இல்லாவிட்டால் ஏதாவது இல்லத்தில் சேர்க்கலாம் என்பாள். ஏஜென்சியிலிருந்து ஒருத்தி வந்தாள், எட்டே நாள். காபி என்று கழுநீரைக் கொடுத்துவிட்டு ஃபோனில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள், உன் முகத்தைப் பார்க்க உனக்குச் சம்பளமா என்று கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் புருஷனை எனக்குப் பார்க்கத் தெரியாதா என்று அன்றைக்குச் சொன்ன வாய் இது. "என்னம்மா, அப்பா சாப்பிட்டாரா?" "சாப்பிடப் போறாரு." "ஊசி?" "அதெல்லாம் ஆச்சு." எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பொய், நுனி நாக்கில் காத்துக்கொண்டிருந்த மாதிரி. "உன் குரல் ஒரு மாதிரி இருக்கே. தூங்கினியா?" "தூங்கித் தூங்கி உடம்பு ஊறிப்போச்சு. ஏண்டி, உன் எலி இருக்கே..." "என்னம்மா திடீர்னு எலி?" "சும்மா கேக்கறேன். அந்தத் தூங்காத எலிக்குப் போன ஞாபகம் போனதுதானா? திரும்பி வருமா?" மறுமுனையில் ஆட்டோ சத்தம், ஹாரன். "முள்ளு திரும்ப வந்துடும்மா, ஒரு மூணு மணி நேரம் நல்லா தூங்கவிட்டாப் போதும். ஞாபகம்... அதுல இப்ப ஒரு சுவாரசியம் இருக்கு. அது அழிஞ்சே போகலையோ, உள்ள எங்கயோ இருக்கு, எடுக்கத்தான் வரலையோன்னு சிலர் காட்டியிருக்காங்க, எலியில. போன தடவையே சொன்னேனே, பெட்டிக்குள்ள பொருள் வச்சுப் பாக்கிற சோதனை." "சொன்னே, சொன்னே." "ஞாபகம் இருக்கா?" "ஏன், எனக்கென்ன மண்டையா கழண்டுபோச்சு?" "கோவப்படாதம்மா. ராத்திரிக்கு ஆள் வைக்கலாம்மா, ப்ளீஸ்." "நீ உன் எலிங்களைப் பாரு. வேலை முடிஞ்சதும் அதுங்களை என்ன பண்ணுவீங்க?" "மூளையை எடுத்து ஸ்லைஸ் போடுவோம். உனக்கு எதுக்கும்மா அதெல்லாம் காலங்காத்தால." டக் டக் டக் என்று கம்பியில் மோதிரம். "அப்பா என்ன தட்டுறாரு?" "பசி," என்றாள் பவுலின். "வை."

வைத்துவிட்டாள். மணி எட்டு பன்னிரண்டு. பெட்டிக்குள் பொருள் வைக்கும் சோதனை. ஆமாம், அது ஞாபகம் இருக்கிறது, முழுசாக இல்லை, ஓரம் கிழிந்த மாதிரி. எலியை ஒரு பெட்டிக்குள் விடுவார்களாம், உள்ளே இரண்டு மூன்று சாமான்கள், எலி எல்லாவற்றையும் மோந்து பார்க்கும். மறுநாள் ஒரு சாமானை மட்டும் வேறு மூலைக்கு நகர்த்தி வைப்பார்கள். தூங்கி எழுந்த எலி நேராக அந்த நகர்ந்த சாமானிடம் ஓடும், இது நேற்று இங்கே இல்லையே என்று. தூங்காத எலி எல்லாவற்றையும் ஒன்றுபோலவே மோந்து பார்க்கும். அதற்கு எதுவும் நகரவில்லை. பவுலின் சமையலறை வாசலில் நின்று வீட்டைப் பார்த்தாள். டி.வி., அதன் மேல் குருத்தோலைச் சிலுவை. மருந்து டப்பா. பால் குக்கர். தண்ணீர் ஃபிளாஸ்க். திரு இருதய ஆண்டவர் படம், சின்னச் சிவப்பு பல்பு. காலண்டர். எல்லாம் அதது இருந்த இடத்தில் இருந்தது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. அந்தத் தோற்றத்தைத்தான் நம்ப முடியாது: தூங்காத எலிக்கும் அப்படித்தான் தோன்றும். எதுவும் நகரவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும். அறைக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து கத்திக்கொண்டு நிற்கலாம், அவள் கண் அதைத் தடவிக்கொண்டு போய்விடும். போன வியாழனா, அதற்கு முந்தியா, சூசைமாணிக்கத்துக்குச் சட்டை தொப்பலாக வியர்த்திருந்தது, கை நடுங்கியது. கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை, அதுதான் என்று திட்டிக்கொண்டே சட்டை மாற்றினாள், வாய் உலர்ந்திருக்கிறதே என்று நிறையச் சர்க்கரை போட்டு எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாள், வீட்டில் சுகர்காரனுக்குச் சர்க்கரைத் தண்ணி குடுக்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு அவர் தெளிந்துவிட்டார். அன்றைக்கு நிஜமாகவே கரண்ட் இல்லையா, இல்லை சுகர் இறங்கி வியர்த்ததா? சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்த மாதிரி இருக்கிறது. எரிந்ததா? திரு இருதய ஆண்டவரே, அன்றைக்கு அந்த பல்பு எரிந்ததா?

இல்லை, போட்டிருக்கவில்லை. இன்றைக்குப் போடவில்லை. போட்டிருந்தால் இப்படியா சந்தேகம் வரும்? முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தால் அணைத்திருக்க மாட்டோம் என்றுதான் அர்த்தம். நூற்று எழுபத்து நாலு என்றால் ஊசி போடாத எண். காலண்டர் கிழிக்கவில்லை, ஊசியும் போடவில்லை, செவ்வாய்க்கிழமையே இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபிரிட்ஜைத் திறந்தாள். பேனா மேல்தட்டில் படுத்திருந்தது, தனக்கு ஒன்றும் தெரியாதது போல. எடுத்தாள், உருட்டினாள், குளிர்ந்திருந்தது; காலையில் எடுத்திருந்தால் இத்தனை குளிர்ச்சி இருக்குமா, இருக்காது, பார்த்தாயா, அதுவும் சாட்சி. ஆனால் உள்ளே வைத்து அரைமணி ஆனால் எதுவும்தான் குளிரும். கிரிக் கிரிக் கிரிக். இருபத்திரண்டு. கட்டிலருகே போய்ச் சட்டையைத் தூக்கினாள். சூசைமாணிக்கத்தின் இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் மேடையில் மைக்கைப் பிடித்த மனிதர் இன்னும் இருந்தார். "விடுங்க." "சரி," என்றார், விடவில்லை. "ஒரு சின்ன ஊசிதானே, குழந்தை மாதிரி." "சரி. சரி. சரி." முகம் சிவந்துவிட்டது, கழுத்து நரம்பு புடைத்தது, வேறு ஏதோ வார்த்தையைத் தூக்க முயன்று தூக்க முயன்று அதே ஒன்றுதான் கையில் வருகிறது. பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டார். அவள் பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். அந்த விட்ட கை காற்றில் தடுமாறிக்கொண்டு ஸ்டூலுக்குப் போயிற்று, அந்தோணியாரின் தலையைப் பிடித்தது, மெதுவாக, மிக மெதுவாக, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தது. பிறகு அவர் அவளைப் பார்த்தார். "சரி?" என்றார்.

பவுலின் மூடியைப் பல்லில் கடித்தபடியே நின்றாள். அந்தோணியாரை மறுபடி அறைப்பக்கம் திருப்பி வைக்கக் கை தானாக நீண்டது, தினமும் நீளுகிற அதே கை, பாதியில் நின்றது. தினமும். காலையில். செபமாலை சொல்லும்போது. முழங்கை பட்டு விழுந்தால் அவர் குப்புறக் கிடப்பார், சாய்ந்து கிடப்பார். ஒருநாள் கூட விழாமல், நிமிர்ந்து நின்றபடியேவா திரும்புவார்? உள்ளே எங்கேயோ உதிராமல் மிச்சமிருந்த ஒரு முள் அசைந்தது. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, ஃபோன் ஸ்பீக்கரில், ஷெரின் குரல்: அம்மா, நோட்டுல எழுத மாட்டேங்கிற, ஊசி போட்டதும் ஏதாவது ஒரு சாமானை இடம் மாத்தி வை, எலி சோதனை மாதிரி, பாத்தா தெரிஞ்சுடும். அதற்கு அவள் சொன்னது: என் வீட்டுல ஒரு சாமான் இடம் மாறினா எனக்கு மயக்கம் வந்துடும்டி. கட்டிலிலிருந்து அவர்: சரி. மறுபடி அவள்: பாத்தியா, உங்கப்பா சரிங்கிறாரு, அவரு எல்லாத்துக்கும் சரி. சிரித்தார்கள், தாயும் மகளும். டாக்டர் அப்போதே சொன்னார், அவருக்குப் புரியும்மா, சொல்லத்தான் வராது. புரியுமாக்கும் என்று நினைத்திருந்தாள். கைக்கு எட்டுகிற ஒரே சாமான் அது. ஒவ்வொரு நாளும் ஊசி போட்டு அவள் மணியை உருட்டத் தொடங்கியதும் அவர் திருப்பி வைக்க, ஒவ்வொரு நாளும் அவள் வந்து வாய் ஓயாமல் திட்டி, அடையாளத்தை அழித்துவிட்டுப் போயிருக்கிறாள். மோதிரம் தட்டியது பசிக்கு இல்லை. பேனாவை இரண்டு கையாலும் பிடித்துச் சைபருக்குத் திருப்பினாள். இருபத்திரண்டு கிரிக்குகள் பின்னோக்கி. பிறகு மிஷின், விரல், சொட்டு, ஐந்து நொடி. நூற்று முப்பத்தொன்பது. இறங்கிக்கொண்டிருந்தது.

ஆறிப்போன இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டினாள். முதல் வாய் போனதும், இரண்டாவது போனதும், மெல்லுகிற தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயிர் அந்தத் தாடையில் அசைந்துகொண்டிருந்தது. நிம்மதி வரவில்லை. வர வேண்டிய இடத்தில் அந்தத் தொப்பலாக நனைந்த சட்டை வந்து நின்றது. அன்றைக்கு அந்தோணியார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்? அன்றைக்கும் சூசைமாணிக்கம் திருப்பி வைத்திருந்தாரா, இவள் அதை நேராக்கிவிட்டு, போடவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு இருபத்திரண்டு? அந்தச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்? தேடினாள், இருட்டில் கை விட்டுத் துழாவுகிற மாதிரி, ஒன்றும் தட்டுப்படவில்லை. உள்ளே எங்கேயோ இருக்கிறது, எடுக்கத்தான் வரவில்லை என்றாளே ஷெரின், வராமலே இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டாள், உடனே அந்த வேண்டுதலுக்கே பயந்தாள். ஃபோனை எடுத்தாள். "என்னம்மா, இப்பதானே பேசினோம்?" "ஷெரின், அப்ப நான் பொய் சொன்னேன்," என்றாள். "நீ சொன்னதை உங்கப்பாதான் கேட்டாரு. நான் கேக்கல. இன்னைக்கே வா. வரும்போது ஆளையும் பாத்து வச்சுட்டு வா. காபி எப்படிப் போட்டாலும் பரவாயில்லைன்னு சொல்லு." வைத்துவிட்டுக் காலண்டரிடம் போனாள். செவ்வாயைக் கிழிக்கத் தாளைப் பிடித்தவள் நின்றாள். ஒலிபெருக்கி நிஜமாகவே புதன் என்றுதான் சொன்னதா? காதும் சேர்ந்து போயிருந்தால்? திரும்பாமலே, சுவரைப் பார்த்தபடியே, "என்னங்க, இன்னைக்குப் புதன்கிழமைதானே?" என்று கேட்டாள். கட்டிலில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவர் யோசிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"சரி," என்றார்.

அவள் தாளைக் கிழித்தாள்.